நல்ல படம் அமைவது உள்ளுணர்வா, அதிர்ஷ்டமா?

தெருமுனை:
கொஞ்ச நாளாகத் தெருவில் படம் எடுக்கிறேன். நின்று நிதானமாக ஃபிரேம் பார்த்து எடுப்பதெல்லாம் சப்பென்று இருக்கிறது, நடக்கிற நடையில் சட்டென்று கேமராவைத் தூக்கி எடுத்ததில்தான் ஏதாவது மாட்டுகிறது. நேற்று பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மா பூவுக்குத் தண்ணீர் தெளித்ததை எடுத்தேன். பின்னால் ஒரு குழந்தை துளி பட்டுக் கண்ணை இறுக மூடியிருப்பது வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. இதை நான் எடுத்த படம் என்று சொல்லிக்கொள்ளலாமா?

நெகட்டிவ்காரன்:
தாராளமாகச் சொல்லலாம். அமெரிக்க இயற்கைக்காட்சிப் படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற ஊர்ப்பக்கம் காரில் போகிறார், கல்லறைச் சிலுவைகள் மேல் கடைசி வெயில், மேலே நிலவு. அவசரமாகப் பெரிய கேமராவை நிறுத்தினால் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டரைக் காணோம்! நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது மனப்பாடம் என்பதால் அதை வைத்தே கணக்குப் போட்டு லென்ஸ் துளையை எஃப்/32 என்று மிகச் சிறிதாக வைத்து ஒரு விநாடி வெளிச்சம் கொடுத்தார். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் சிலுவைகளில் வெயில் இல்லை. நிலவு வந்தது அதிர்ஷ்டம், அந்த 250 அவர் சம்பாதித்தது.

மலைச்சாரல்:
எல்லாவற்றையும் பயிற்சிக் கணக்கில் எழுத வேண்டாம் சார். 1945-இல் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் இவோ ஜிமா தீவு மலை மேல் பத்திரிகைப் படக்காரர் ஜோ ரோசென்தால் ஏறி நிற்பதற்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தபோதே இரண்டாவது அமெரிக்கக் கொடி மேலே போகிறது, வியூஃபைண்டரில் கண் வைக்கவும் நேரமில்லாமல் கேமராவைத் திருப்பி அழுத்தினார். அதற்குத்தான் புலிட்சர் பரிசு. ஆனால் அதற்கு முன் மலையேறும்போது, முதல் கொடி ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது என்று இறங்கி வந்தவர்கள் சொல்லியும் அவர் திரும்பிப் போகவில்லை, மேலே ஏறினார். எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

பழையலென்ஸ்:
தம்பி, 35 எம்எம் லென்ஸ் என்றால் எஃப்/8 வைத்து ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்திவிடு. ஃபுல் ஃபிரேம் (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் ஏறக்குறைய 2 முதல் 7 மீட்டர் வரை ஷார்ப்பாகவே விழும், கை யோசிக்காமல் வேலை செய்யும். அப்புறம் எதை வைத்துக்கொள்வது, எங்கே வெட்டுவது என்பதிலும் உள்ளுணர்வு உண்டு. பிரெஞ்சுப் படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1932-இல் பாரிஸில் வேலி இடுக்கு வழியே எடுத்த தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதர் படத்திலேயே இடது ஓரத்தில் விழுந்த பலகையை வெட்டித்தான் பிரிண்ட் போட்டார்.

தெருமுனை:
நன்றி அண்ணா. இருட்டின பிறகு எஃப்/8 தாங்குமா?

பழையலென்ஸ்:
ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 3200 வரை ஏற்று, நாய்ஸ் (புள்ளி புள்ளியாகத் தெரிவது) வந்தால் வரட்டும். கடை விளக்கு பக்கமாகவே நட.