'கிளாமர்': கண்கட்டா, மருளா?

நண்பர்களுக்கு வணக்கம். ஸ்காட்லாந்து நாட்டுப்புறப் பாடல்களின் தமிழாக்கம் ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அருஞ்சொல் பட்டியலில் 'கிளாமர்' மட்டும் பாக்கி. அது வரும் பாடலில் ஜிப்சிகள் பிரபுவின் வாசலில் நின்று பாடுகிறார்கள். இறங்கி வந்த சீமாட்டியின் மேல் கிளாமரைப் போடுகிறார்கள். அவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர்களோடு போய்விடுகிறாள். 'கவர்ச்சி' என்று எழுதினால் சினிமா சுவரொட்டிதான் நினைவுக்கு வரும். என்ன எழுதலாம்?

கோவையிலிருந்து:

'கவர்ச்சி' வேண்டவே வேண்டாம். அது ஹாலிவுட் காலத்தில் ஊன்றிய பொருள். 1721இல் ஸ்காட்லாந்துக் கவிஞர் ஆலன் ராம்சே தம் கவிதை நூலின் சொற்பட்டியலில் தெளிவாகவே சொல்கிறார்: பேயோ மந்திரவாதியோ செப்பிடுவித்தைக்காரனோ பார்வையை ஏமாற்றினால், பார்ப்பவர் கண்மேல் கிளாமர் போட்டதாகச் சொல்வார்களாம். நம் கண்கட்டு வித்தையேதான் இது. 1805இல் வால்டர் ஸ்காட் எழுதிய நெடும்பாடலில், இந்த வித்தையால் நிலவறைச் சுவரின் ஒட்டடை அரண்மனைத் திரைச்சீலையாகத் தெரிகிறது. கொட்டை ஓடு பொன்முலாம் பூசிய படகாகத் தெரிகிறது. ஒட்டடை ஒட்டடையாகத்தான் இருக்கிறது, கண்தான் கட்டுண்டது. 'கண்கட்டு' போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, வேரையும் பாருங்கள். கிளாமர் என்பது 'கிராமர்' திரிந்த வடிவம். இலக்கணம் என்ற அதே சொல். இடைக்கால ஐரோப்பாவில் இலக்கணம் என்றால் லத்தீன் கல்வி. ஏடு படித்தவனுக்கு மந்திரமும் தெரியும் என்று பாமரர் நம்பினார்கள். மந்திர ஏட்டைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் இந்த வேரில் பிறந்ததே. கிரேக்க மூலத்தின் பொருள் 'எழுத்து'. நமக்கும் ஐந்தெழுத்து மந்திரம்தானே? தகட்டில் எழுத்து அடைப்பதில்லையா? 'எழுத்துமாயம்' என்று ஆக்கலாம். ரகரம் லகரமானதும் நமக்குப் புதிதில்லை: பந்தல், பந்தர், சாம்பல், சாம்பர்.

மதுரையிலிருந்து:

அவை இறுதிப்போலி, அதாவது சொல்லின் கடைசி எழுத்து மாறியும் பொருள் மாறாதவை. இங்கே திரிந்தது சொல்லின் நடுவில். ஒரே சொல்லில் இரண்டு ரகரம் வந்ததால் ஒன்று விலகியிருக்கிறது. அதை இறுதிப்போலிக் கணக்கில் சேர்க்க முடியாது. தவிர, 'மாயம்' வடமொழி. மனமயக்கத்தைச் சொல்லும் 'மருள்' இருக்கும்போது அது எதற்கு? உள்ளத்து உணர்வு வெளியே தெரிவதைச் சொல்லும் எண்வகை மெய்ப்பாட்டில் தொல்காப்பியர் மருட்கையை வைத்திருக்கிறார்.

கோவை:

தென்மாவட்டத்தில் மருள் வந்தது என்றால் சாமி வந்து ஆடுவது, அம்மா. வாசிப்பவர் அந்தச் சீமாட்டிக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைப்பார். தூய்மை பார்த்துப் பொருளைக் கோட்டைவிடக் கூடாது.

சென்னையிலிருந்து:

வகுப்பில் இந்தப் பாடலை நடத்துகிறவன் நான். கண்கட்டு என்றதும் மாணவர்களுக்குப் புரிகிறது. எழுத்துமாயம் என்றால் அதற்கே ஒரு விளக்கம் வேண்டும். வேர்க்கதையை அடிக்குறிப்பில் வைத்துக்கொள்ளலாம்.

கேட்டவர்:

சரி, கோவையும் சென்னையும் சொன்னபடி 'கண்கட்டு' என்றே அனுப்பிவிட்டேன். இலக்கணத் தொடர்பு அடிக்குறிப்பில் போகிறது. அனைவருக்கும் நன்றி.

மதுரை:

அனுப்பியது அனுப்பியதாக இருக்கட்டும். ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. ராம்சேயும் ஸ்காட்டும் கண்ணைப் பற்றிப் பேசுகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பாடலில் சீமாட்டி ஒன்றை வேறொன்றாகப் பார்த்து ஏமாறவில்லை. வந்தவர்கள் ஜிப்சிகள் என்று தெரிந்தேதான் போகிறாள். கட்டுண்டது அவள் மனம். அதற்கு மருள்தான் சொல். மறுபதிப்பு வந்தால் மாற்றுங்கள்.