கொம்பி கேம்பருக்கு எஞ்சினை மாற்றுவதா, இருப்பதைச் சரிசெய்வதா?

நானுஓயா கொம்பி
எல்லோருக்கும் வணக்கம். மாமாவிடமிருந்து எனக்கு 1973ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் கொம்பி வேன் ஒன்று வந்திருக்கிறது. பிரிட்டனில் கேம்பராக, அதாவது உள்ளேயே தங்கிச் சமைக்கும் வண்டியாக மாற்றியது. மேலே தூக்கும் கூரை, மர அலுமாரி, விரித்தால் கட்டிலாகும் இருக்கை எல்லாம் அப்படியே இருக்கின்றன. எஞ்சின் 1600 சிசி, காற்றால் குளிர்வது. கம்பளையிலிருந்து ஏறும்போது புஸ்ஸல்லாவை தாண்டியதும் சூடாகி இழுவை குறைகிறது. இறம்பொடை வளைவுகளில் முதல் கியரை விட்டு மேலே போக முடிவதில்லை. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி இழுக்கிறது. காட்டிய கராஜில், இந்த எஞ்சின் மலைக்குச் சரிவராது, ஜப்பான் கார் எஞ்சின் ஒன்றை வைத்து முன்னால் ரேடியேட்டர் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளி விடுமுறையில் ஹப்புத்தளை, எல்ல பக்கம் போய் வண்டியிலேயே தங்க வேண்டும் என்று ஆசை. மாற்றலாமா?

பதுளை வளைவு
தயங்காமல் மாற்றுங்கள் தம்பி. அந்த எஞ்சின் புதிதாக வந்தபோதே 50 குதிரை வலுதான். மேலே ஏற ஏறக் காற்று அடர்த்தி குறைந்து, சுமார் 300 மீற்றருக்கு 3 வீதம் வலு போய்விடும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மிஞ்சுவது 40 குதிரை. கட்டில், அலுமாரி, தண்ணீர், சமையல் சாமான், குடும்பம் எல்லாம் சேர்ந்தால் எடை இரண்டு தொன்னுக்குப் பக்கத்தில் போகும். பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருக்கும், உங்களுக்கு முந்தவும் முடியாது, ஒதுங்கவும் இடமில்லை. அது வெறும் சிரமம் அல்ல, ஆபத்து.

பழைய வண்டியைத் தொடக்கூடாது என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பிரேசிலில் இதே கொம்பியை 2013 வரை தயாரித்தார்கள். 2005 கடைசியில் காற்றுக் குளிர்ச்சியை விட்டுவிட்டு, தண்ணீரால் குளிரும் எஞ்சினைப் பின்னால் வைத்து, முகத்தில் ரேடியேட்டர் பொருத்தி விற்றது அந்தக் கம்பனியேதான்.

ஆனால் உங்கள் கராஜ்காரர் சொல்லும் சாதாரண கார் எஞ்சின் வேண்டாம். அது நிமிர்ந்து நிற்கும், அதற்காகக் கட்டிலுக்குக் கீழே தளத்தை வெட்ட வேண்டிவரும். சுபாரு எஞ்சின் பாருங்கள். இதைப் போலவே படுத்த நான்கு சிலிண்டர், உயரம் குறைவு. வெளிநாட்டில் கொம்பிக்காரர்கள் பலர் அதைத்தான் வைக்கிறார்கள்.

ஹட்டன் பாஸ்
ஆறவிட்டால் மறுபடி இழுக்கிறது என்று தம்பியே எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியைப் படித்த பிறகும் எஞ்சினை மாற்றச் சொல்வது எனக்குப் புரியவில்லை. வலு குறைந்த எஞ்சின் கம்பளையிலும் மெதுவாகத்தான் ஏறும். சூட்டில் திணறும் எஞ்சினுக்கு ஒரு காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் வேறு எஞ்சின் வைப்பது வேலையே இல்லை.

தம்பி, பின் கதவைத் திறந்து பாருங்கள். இந்த எஞ்சினுக்கு மேலே உள்ள ஃபேன், எஞ்சின் அறையிலிருக்கும் குளிர்ந்த காற்றை இழுத்துச் சிலிண்டர்கள் மீது தள்ளும். சூடான காற்று கீழே ரோட்டுப் பக்கம் போய்விட வேண்டும். மேலறையையும் கீழ்ப் பக்கத்தையும் பிரித்து வைப்பது எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளும் அவற்றின் விளிம்பில் ஓடும் ரப்பர் சீலும்தான். எஞ்சினை இறக்கி ஏற்றும்போது நம் ஆட்கள் அந்தத் தகடுகளை வெறும் மூடி என்று நினைத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். ஒரு தகடு இல்லாவிட்டாலும் கீழே போன சூட்டை ஃபேன் திரும்ப உறிஞ்சும். தட்டையான ரோட்டில் அது தெரியாது. புஸ்ஸல்லாவையில் தெரியும்.

அடுத்தது ஃபேன் பெட்டிக்குள் தெர்மோஸ்டாட்டும் அதனோடு அசையும் மடல்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒயில் கூலர் எந்த வகை என்பதும் முக்கியம். பழைய வகையில் கூலர் மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறித்து நிற்கும், வால்வு எரிவதென்றால் முதலில் அங்கேதான். 1971 மொடலிலிருந்து அதைத் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். உங்கள் வண்டியில் புதிய வகைதான் வந்திருக்கும், ஆனால் இடையில் யாராவது பழைய ஃபேன் பெட்டியை மாட்டியிருக்கலாம். பிறகு டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரம், சரியா என்று பாருங்கள். வால்வு இடைவெளியை எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது 0.15 மில்லிமீற்றருக்கு வையுங்கள், 5000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மறுபடி பார்க்க வேண்டும். இந்த எஞ்சினில் இரண்டரை லீற்றர் ஒயில்தான் இருக்கிறது, தனி ஃபில்டரும் இல்லை, வலை மட்டும்தான். அந்த ஒயில் குளிர்ச்சி வேலையில் ஒரு பங்கையும் செய்கிறது. மாற்றும் நாளைத் தள்ளிப்போடவே கூடாது.

ஓட்டுவதிலும் ஒன்று இருக்கிறது. ஃபேன் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவது. உயர்ந்த கியரில் எஞ்சினை முனக விட்டு ஏறினால் சூடு கூடும், காற்று குறையும். நேரத்தோடு கியரை இறக்கிச் சுழற்சியோடு ஏற வேண்டும்.

பதுளை வளைவு
பாஸ் சொல்லும் பரிசோதனைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் கார்புரேட்டரைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை? கொழும்புக்கு ஏற்ப வைத்த ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை), நுவரெலியாவில் பெட்ரோலை அளவுக்கு மீறிக் கொடுக்கும், சுமார் பத்தில் ஒரு பங்கு அதிகமாக. கரி படியும், புகைப் பரிசோதனையிலும் பிரச்சினை வரும். சரி, சின்ன ஜெட் போட்டு மேலே சரிசெய்தால், குடும்பத்தோடு திருகோணமலைக்கு இறங்கும்போது பெட்ரோல் போதாமல் பிஸ்டன் சூடேறும். மலையும் கடலும் ஒரே பயணத்தில் வருகிற நாட்டில் எந்த ஜெட்டை வைப்பது? கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்சன் எஞ்சின் காற்றை அளந்து தானே சரிசெய்துகொள்ளும்.

ஹட்டன் பாஸ்
கடல்மட்டத்துக்கு வைத்த ஜெட்டையே விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். மேலே கொஞ்சம் பெட்ரோல் கூடச் செலவாகட்டும், பிளக்கைக் கழற்றித் துடைக்கலாம். கீழே பிஸ்டன் ஓட்டையானால் என்ன செய்வது?

இன்ஜெக்சன் நல்லதுதான். ஆனால் அதோடு கம்பியூட்டர் பெட்டி, அழுத்தம் கூடிய பெட்ரோல் பம்ப், ஒரு வண்டி வயர், வண்டியின் முழு நீளத்துக்கும் தண்ணீர்க் குழாய் எல்லாம் வரும். பிரேசிலில் அவை எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்திச் சோதித்து வைத்தார்கள். இங்கே ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கடையில் வாங்கி, ஒவ்வொருவர் கை வைப்பார்கள். ஓஹியா பக்கத்தில் மூடுபனியில் ஒரு சென்சர் போனால் யாரைக் கூப்பிடுவது? கியர்பெட்டியும் 50 குதிரைக்குச் செய்தது.

கண்டி பழைய வண்டி
எனக்கு வலுவைவிட வண்டிதான் பெரிது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். திறந்த பிறகும் வயதுக் கட்டுப்பாடு இருக்கிறது. அரை நூற்றாண்டு பழைய கொம்பி கேம்பர் இன்னொன்று இலேசில் வராது. இருப்பதை வெட்டினால் வெட்டியதுதான். எஞ்சின், அலுமாரி, துணி, பிடி, விளக்கு எதையும் மாற்றாமல் காப்பாற்றுங்கள் என்பது என் வேண்டுகோள்.

லிந்துலை வாணி
அண்ணே, அந்த அலுமாரியைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன். எதையும் மாற்றாதே என்று பிள்ளைகள் தூங்குகிற வண்டிக்குச் சொல்லக்கூடாது.

1970களின் கேம்பர்களில் கேஸ் சிலிண்டர் எங்கே இருக்கும்? பலவற்றில் அலுமாரிக்குள்ளேயே, அடுப்புக்குக் கீழே. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தளத்தில் தேங்கும். கட்டிலும் அதே மட்டத்தில்தான் இருக்கிறது. 2021 கடைசியில் நாடு முழுக்க கேஸ் வெடித்த செய்திகள் வந்தபோது நாங்கள் வீட்டுச் சமையலறையிலேயே பயந்துகொண்டு நின்றோம். வண்டி அதைவிடச் சின்ன இடம். சிலிண்டரை உள்ளறையோடு தொடர்பில்லாத, காற்றுப் புகாத பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியின் அடியில் வெளியே போகும் ஓட்டை விட வேண்டும். அந்த ஓட்டையை யாரும் குளிருக்காக அடைக்கக்கூடாது. ரெகுலேட்டரையும் ரப்பர் குழாயையும் மாமா காலத்திலிருந்து வந்தது என்று வைத்திருக்காமல் புதிதாகப் போடுங்கள். பெரிய சிலிண்டரும் வேண்டாம், 5 கிலோ அல்லது அதைவிடச் சின்னது போதும்.

அதைவிட முக்கியம், ஜனவரி இரவில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழும். அப்போது அடுப்பை எரியவிட்டுக் கதவைச் சாத்தித் தூங்கலாம் என்று தோன்றும். கரி அடுப்பை உள்ளே கொண்டுபோகிறவர்களும் இருக்கிறார்கள். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிர் போகும். கம்பளியைக் கூடக் கொண்டுபோங்கள். அந்த வாயுவைக் காட்டிக்கொடுக்கும் அலாரம் ஒன்றை வாங்கிப் படுக்கும் மட்டத்தில் மாட்டுங்கள்.

கண்டி பழைய வண்டி
தங்கச்சி, கேஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, பெட்டி வேண்டும். ஆனால் அதற்காக அலுமாரியை உடைக்க வேண்டியதில்லை. முகப்பை அப்படியே வைத்து உள்ளே இரும்புப் பெட்டி செய்யலாம். தளத்தில் ஓட்டை ஒன்று மட்டும் போதும்.

லிந்துலை வாணி
உடைக்கச் சொல்லவில்லை அண்ணே, பின்னால் திறந்து பார்க்கச் சொல்கிறேன். மலைநாட்டில் அலுமாரியின் முதுகில் ஈரம் ஊறி, பலகை உப்பி, அதற்குப் பின்னால் தகரம் துருப்பிடித்திருக்கும். முகப்பு மினுங்கும். ஜன்னல் ரப்பர், கூரைப் பீலி, சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவு, இவற்றில்தான் தண்ணீர் நிற்கும். மேலே தார் பூசி மூடினால் துரு உள்ளே இருந்தபடி தின்னும். கூரையின் துணியை நனைந்தபடி மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், வெயில் வந்த அன்றே விரித்துக் காயவைக்க வேண்டும். இவை எல்லாம் பழைமையைக் காப்பாற்றும் வேலைதான்.

நானுஓயா கொம்பி
எல்லோருக்கும் நன்றி. பின் கதவைத் திறந்து, டோர்ச் அடித்துக் கீழேயும் படுத்துப் பார்த்தேன். பின்பக்கத் தகடு இல்லை. ரப்பர் சீல் பாதி கிழிந்து தொங்குகிறது. ஃபேன் பெட்டிக்குள் மடல்களும் இல்லை. கூலர் பாஸ் சொன்ன புதிய வகைதான். பிரேக் ஒயில் பிளேன்டீ நிறத்தில் இருக்கிறது. கேஸ் சிலிண்டர், வாணி அக்கா சொன்னதுபோல அலுமாரிக்குள்தான், ஓட்டை எதுவும் இல்லை.

ஹட்டன் பாஸ்
ஏற்றத்தில் சூடாவதற்குக் காரணம் மடல்கள் இல்லாதது அல்ல. அது காலையில் எஞ்சின் சீக்கிரம் சூடேறுவதற்கு. ஆனாலும் கிடைத்தால் போடுங்கள், நானுஓயாக் குளிருக்கு வேண்டும். தகடும் சீலும்தான் உங்கள் வியாதி. தகட்டை நல்ல டிங்கரிங்காரர் அளந்து செய்துவிடுவார். சீல் மட்டும் சரியான சாமானாக வாங்குங்கள், கதவு ரப்பரை வெட்டி ஒட்டாதீர்கள்.

பிரேக் ஒயிலைப் பார்த்ததும் எனக்கு எஞ்சின் மறந்துவிட்டது. ஏற முடியாத வண்டி ஓரமாக நிற்கும், இறங்கும்போது நிற்காத வண்டி பள்ளத்துக்குத்தான் போகும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டொட் 4 ஒயில் புதிதாக 230 பாகைக்குக் குறைந்து கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும். எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு முழு எடையோடு பிரேக்கில் காலை வைத்தபடி இறங்கினால் ஒயில் கொதித்து, மிதி தளம் வரை போகும். ஒயில் முழுவதையும் மாற்றுங்கள், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மறுபடி மாற்றுங்கள். ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கியிருக்கும், அவற்றையும் மாற்றுங்கள். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், இரண்டையும் கழற்றிப் பார்க்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

இன்னொன்று, பெட்ரோல் ஹோஸ். இந்த வண்டிகள் தீப்பிடிப்பதற்குப் பெரிய காரணம் அதுதான். எஞ்சினுக்கு மேலே, சூட்டுக்குப் பக்கத்தில் பழைய ஹோஸ் வெடித்துச் சொட்டும். எல்லாவற்றையும் மாற்றிக் கிளிப் போடுங்கள். கார்புரேட்டருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஃபில்டர் தொங்கினால் அதை அங்கிருந்து எடுத்துவிடுங்கள்.

பதுளை வளைவு
பிரேக் பற்றி பாஸ் எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் நானும் உடன்படுகிறேன். எஞ்சின் பற்றி என் கருத்து மாறவில்லை. தகடு போட்டால் சூடு போகும், ஆனால் 40 குதிரை 40 குதிரைதான். இரண்டு பிள்ளைகளும் வளர்வார்கள், சாமானும் கூடும்.

ஹட்டன் பாஸ்
சாமானைக் குறைக்கலாம். தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு மலை ஏறத் தேவையில்லை, மேலே எங்கும் தண்ணீர் இருக்கிறது.

நானுஓயா கொம்பி
இப்போதைக்கு எஞ்சினை மாற்றவில்லை. முதலில் பிரேக்கும் பெட்ரோல் ஹோஸும், பிறகு கேஸ் பெட்டி, அதன் பிறகு தகடும் சீலும். அலுமாரியைக் கழற்றிப் பின்னால் பார்த்துவிட்டுத்தான் மரவேலை. டயரும் மாற்ற வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் சாதாரண கார் டயர் மலிவாகச் சொல்கிறார்கள். அது போதுமா?

ஹட்டன் பாஸ்
போதாது. சுமை தாங்கும் வேன் டயர் வேண்டும், 185ஆர்14சி என்று கேளுங்கள். கடைசியில் உள்ள ‘சி’ இல்லாததை வாங்க வேண்டாம். பக்கவாட்டில் தயாரித்த வாரமும் வருடமும் நான்கு இலக்கத்தில் இருக்கும், அதையும் பாருங்கள்.

பதுளை வளைவு
எல்லாம் முடித்த பிறகும் இறம்பொடையில் முதல் கியர்தான் என்றால் எழுதுங்கள் தம்பி. அப்போது எஞ்சின் மாற்றுவதானால், வேலை தொடங்கும் முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள். பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது, அதைத் திருத்தாமல் ஓட்டினால் காப்புறுதியிலும் சிக்கல் வரும். கராஜ்காரர்கள் அதைச் சொல்வதில்லை.