10 எம்பி பஃபர் எத்தனை நொடி தாங்கும்?

மும்பையில் டேட்டாபேஸ் சர்வர், சென்னையில் அதன் நகல். நடுவில் 100 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன். நகலெடுப்பது டிஆர்பிடி 8.4 (ஒரு சர்வரின் டிஸ்க்கில் எழுதுவதை நெட்வொர்க் வழியாக இன்னொன்றிலும் எழுதும் லினக்ஸ் மென்பொருள்), அதில் ப்ரோட்டோகால் ஏ என்ற முறை. உள்ளூர் டிஸ்க்கில் எழுதி, பாக்கெட்டை டிசிபி சென்ட் பஃபரில் (அனுப்ப வேண்டிய டேட்டா காத்திருக்கும் மெமரி) போட்டதும் 'எழுதியாச்சு' என்று சொல்லிவிடும். சென்னைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காது. அதனால் லைன் மெதுவாக இருந்தாலும் நமக்கு வலிக்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசி பேட்ச் ஓடும் இரவில் மட்டும் டேட்டாபேஸ் விட்டு விட்டு உறைந்தது. ஸ்டோரேஜ் டீமோடு ஒரு சண்டையே போட்டேன். அவர்கள் டிஸ்க் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஐஓஸ்டாட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்கள்: அடியில் இருக்கும் டிஸ்க் சும்மா கிடக்கிறது, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் டிஆர்பிடி மட்டும் மூச்சு முட்டுகிறது. அப்போதுதான் உறைத்தது. பஃபரில் இடம் இருக்கும் வரைதான் ப்ரோட்டோகால் ஏ காத்திருக்காது. நிரம்பிவிட்டால் எழுதுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சரி, எவ்வளவு இடம் மிச்சம் என்று, நெட்வொர்க் இணைப்புகளைக் காட்டும் எஸ்எஸ் கட்டளையில் பார்த்தேன். முதல் அரை மணி நேரம் எல்லாம் காலி, ஒரு பைட்கூடத் தேங்கவில்லை! அப்புறம்தான் தெரிந்தது, டிஆர்பிடி இரண்டு இணைப்பு வைத்திருக்கிறது. ஒன்றில் டேட்டா, இன்னொன்றில் ஒப்புகை மாதிரி சின்னச் சின்னச் செய்திகள். நான் பார்த்துக்கொண்டிருந்தது இரண்டாவதை. லினக்ஸ் கர்னலே திறந்த சாக்கெட் (இணைப்பின் முனை) என்பதால் பக்கத்தில் ப்ராசஸ் பெயரும் வராது. அதை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது.

சரியான சாக்கெட்டில் மெமரி விவரத்தையும் கேட்டால் 'டிபி' என்று ஒரு எண், 'டபிள்யூ' என்று ஒரு எண் வரும். டிபி மொத்தக் கொள்ளளவு, டபிள்யூ இப்போது பிடித்திருக்கும் இடம். கழித்தால் மிச்சம். எத்தனை பைட் தேங்கியிருக்கிறது என்று எஸ்எஸ் காட்டும் சென்ட்-க்யூ எண்ணை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். கர்னல் தன் சொந்தச் செலவையும் பஃபர் கணக்கில் எழுதும், அதனால் சென்ட்-க்யூவில் இடம் இருப்பது போலத் தெரியும்போதே பஃபர் முட்டியிருக்கும்.

நொடிக்கொரு முறை பதிவு செய்ததில் பகலெல்லாம் ஈ ஓட்டியது. பேட்ச் தொடங்கியதும் 4 எம்பியில் போய் ஒட்டிக்கொண்டது. பஃபர் அளவை நான் குறிப்பிடாமல் விட்டதால் கர்னலே அதை வளர்த்துக்கொண்டு போய், தன் வழக்கமான உச்சவரம்பில் நின்றிருக்கிறது. டிஆர்பிடி அனுமதிக்கும் 10 எம்பிக்கு உயர்த்தினேன். அப்புறம் கணக்குப் போட்டேன் (முதலில் போட்டிருக்க வேண்டும்). பேட்ச் நொடிக்கு 40 எம்பி எழுதுகிறது, லைன் 12.5 எம்பி கொண்டுபோகிறது (100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் வரும் மெகாபைட்). 27.5 எம்பி தேங்கும். 10 எம்பி பஃபர் அரை நொடிகூடத் தாங்காது. பேட்ச் ஓடுவதோ ஆறு நிமிடம், தேங்குவது கிட்டத்தட்ட 10 ஜிபி.

கடைசியில் டிஆர்பிடியிலேயே இருக்கும் புல்-அஹெட் என்ற வசதியை வைத்தேன். 8 எம்பி தேங்கியதும் அனுப்புவதை நிறுத்தி, மாறிய பிளாக்குகளை மட்டும் பிட்மேப்பில் குறித்துக்கொள்ளும். நெரிசல் குறைந்ததும் ரீசிங்க், அதாவது குறித்துவைத்த பிளாக்குகளை அனுப்பி நகலைச் சரிசெய்யும். அதற்குப் பிறகு உறையவில்லை.

*

அண்ணா, புல்-அஹெட்டில் நான் சூடு பட்டவன், ஒரு எச்சரிக்கை. ரீசிங்க் நடக்கும்போது பிளாக்குகள் எழுதப்பட்ட வரிசையில் போகாது. முடியும் வரை சென்னை நகல் அரைகுறை. அந்த நேரம் பார்த்து மும்பை விழுந்தால் கையில் ஒன்றும் இருக்காது. ரீசிங்க்குக்கு முன் செகண்டரியில் (சென்னை நகலில்) எல்விஎம் ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நிலையைப் பிடித்துவைப்பது) எடுக்கும் ஸ்கிரிப்ட் டிஆர்பிடியோடவே வருகிறது, அதை மாட்டிவிடுங்கள்.

ஆனால் அங்கேயும் இடம் பார்க்க வேண்டும். நான் 5 ஜிபி ஒதுக்கினேன், ரீசிங்க் அதற்கு மேல் எழுதியது. ஸ்னாப்ஷாட் நூறு சதவீதம் நிரம்பியதும் செல்லாததாகிவிட்டது. எல்விஎஸ் கட்டளை போட்டுப் பார்த்திருந்தால் சதவீதம் ஏறுவது கண்ணெதிரே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

*

நாங்கள் டிஆர்பிடி இல்லை, ஜெட்எஃப்எஸ் சென்ட் (ஃபைல் சிஸ்டத்தின் ஸ்னாப்ஷாட்டை இன்னொரு சர்வருக்கு அனுப்புவது), நடுவில் எம்பஃபர் என்ற பஃபர் நிரல். அது பஃபர் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று திரையிலேயே சொல்லிக்கொண்டிருக்கும். எப்போதும் நூறு என்றால் அந்தப் பக்கம் மெதுவாக வாங்குகிறது அல்லது லைன் போதவில்லை. எப்போதும் பூஜ்யம் என்றால் நம் டிஸ்க்தான் மெதுவாகக் கொடுக்கிறது. ஒரு வாரம் நெட்வொர்க் ஆட்களைத் திட்டித் தீர்த்த பிறகுதான், பூஜ்யத்தில் நிற்பதைக் கவனித்தேன்.

*

தம்பி, ஸ்னாப்ஷாட்டை இன்றே மாட்டுகிறேன், 15 ஜிபி.

இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. டிஆர்பிடி ப்ராக்ஸி (டிஆர்பிடிக்கும் லைனுக்கும் நடுவில் பெரிய பஃபர் வைக்கும் மென்பொருள்) போட்டு 1 ஜிபி மெமரியைப் பஃபராகக் கொடுக்கலாமே என்று மேலதிகாரி கேட்டார். நிரம்பிய 1 ஜிபி இந்த லைனில் வடிய 80 நொடிக்கு மேல் ஆகும். அதுவரை அந்த டேட்டா மும்பையில் மட்டும்தான் இருக்கும், சர்வர் போனால் அதுவும் போச்சு என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. லைனை 400 எம்பிபிஎஸ் ஆக்கக் கொட்டேஷன் வாங்கச் சொன்னார். வாங்கி மூன்று வாரமாகிறது, அவர் மேஜையில்தான் கிடக்கிறது.