லொறியில் பூட்டிய பழைய றிக்: இன்வொய்ஸில் 8430, ஏஜென்ட் சொல்வது 8705. எது சரி?

நெடுங்கேணித்தம்பி:
வணக்கம். குழாய்க்கிணறு அடிக்கும் வேலைக்குத் தமிழ்நாட்டுத் திருச்செங்கோட்டில் ஒரு பழைய றிக் (துளையிடும் இயந்திரம்) பார்த்து வைத்திருக்கிறோம், இலங்கைக்குக் கொண்டுவர. லொறியில் பூட்டியது, துளைக்குள் இறங்கிக் காற்றழுத்தத்தில் கல்லை இடிக்கும் 6½ அங்குல ஹமர். அதற்குக் காற்று கொடுக்கும் கொம்பிறசர் வேறொரு லொறியில் இருக்கிறது. விற்பவர் தந்த புரோபோர்மா இன்வொய்ஸில் (விற்பனைக்கு முன் தரும் விலைப்பட்டியல்) எச்.எஸ். எண், அதாவது சுங்கம் பொருட்களை வகைப்படுத்தும் எண், 8430.41 என்று போட்டிருக்கிறார். கொழும்பு கிளியறிங் ஏஜென்டோ, இது 8705.20, வாகனக் கணக்கில்தான் போகும் என்கிறார். வங்கியில் முற்பணம் கட்ட வேண்டிய நேரம் இது. ஆவணி பிறந்ததும் இங்கே கிணறுகளில் அடித்தரை தெரிகிறது, சனம் எப்போது அடிப்பீர்கள் என்று கேட்டபடி. யாராவது விளக்கம் சொல்லுங்கோ.

கப்பல்கடுதாசி அக்கா:
ஏஜென்ட் சொல்வது சரி தம்பி. வழமையான லொறியின் எஞ்சின், கியர்பொக்ஸ், ஸ்டியரிங், பிரேக் எல்லாம் உள்ள சேசிஸில் றிக்கைப் பூட்டியிருந்தால் அது 8705.20. தானே நகரும் துளையிடும் இயந்திரம், உதாரணமாகச் சங்கிலிச் சில்லில் ஓடுவது, 8430.41. விற்பவர் எழுதும் எண் சுங்கத்தைக் கட்டுப்படுத்தாது. இலங்கையில் பழைய வாகனங்களுக்கு வயதெல்லையும் உரிமக் கட்டுப்பாடும் உண்டு. ஆகவே லொறியின் தயாரிப்பு ஆண்டைப் பார்க்காமல் ஒரு சதமும் அனுப்பாதேயும்.

நெடுங்கேணித்தம்பி:
அப்ப றிக்கைக் கழற்றி, லொறியை அங்கேயே விட்டுவிட்டுக் கொண்டுவரலாமா அக்கா?

கப்பல்கடுதாசி அக்கா:
வரலாம். மாஸ்ட் (நிமிர்ந்து நிற்கும் கோபுரம்), ரொட்டரி ஹெட் (றொட்டைச் சுழற்றும் தலை), ஹைட்ரோலிக் எல்லாம் ஒரே சட்டத்தில் வந்தால் 8430.49 பொருந்தும். ஆனால் லொறியையும் கழற்றி அதே கப்பலில் ஏற்றினால் பலிக்காது. பாகங்களாக வந்தாலும் முழுப்பொருளாகவே வகைப்படுத்த வேண்டும் என்பது எச்.எஸ். விதி 2(அ). கொம்பிறசர், றொட் (துளைக்குள் இறக்கும் தண்டு), பிட் (கல்லை உடைக்கும் நுனி) எல்லாவற்றையும் இன்வொய்ஸில் தனித்தனியாக எழுதித் தரக் கேளும்: இழுத்துச் செல்லும் சில்லுச் சட்டத்தில் உள்ள கொம்பிறசர் 8414.40, றொட் போன்ற பாகங்கள் 8431.43, பிட் 8207. சுங்கத்திடம் படங்களோடு வகைப்படுத்தலை எழுத்தில் கேட்டு வாங்கும், வாய்ச்சொல் போதாது. வரி சி.ஐ.எஃப். பெறுமதியில்தான் கணக்காகும், அதனால் கப்பல் கட்டணமும் காப்புறுதியும் உள்ளே வரும். வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். இங்குள்ள லொறியில் பூட்டினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதிய வேணும்.

பூநகரி றிக்காரன்:
கடுதாசி ஒருபக்கம், மண்ணையும் பாரும் தம்பி. வவுனியா, நெடுங்கேணிப் பக்கம் கருங்கல். அங்கே ஹமர்தான் ராசா. எங்கள் பூநகரிப் பக்கம் சுண்ணாம்புக்கல். குகை போன்ற வெறுமை வந்தால் காற்று அதற்குள் போய்விடும், கழிவு மேலே வராது, ஹமர் இறுகி றொட்டோடு நின்றுவிடும். அங்கே கேசிங் (துளைச் சுவரைத் தாங்கும் குழாய்) இறக்கியோ சேறு விட்டுச் சுழற்றியோதான் போக வேணும். இரண்டு பக்கமும் வேலை எடுப்பதென்றால் சேற்றுப் பம்பும் பூட்டக்கூடிய றிக்கா என்று விற்பவரிடம் கேளும். இல்லையென்றால் விலை மலிவு என்று ஏமாறாதேயும். அப்புறம், எஞ்சின் மணிக்கணக்கை மட்டும் நம்பாமல் ஒருவரை அனுப்பி ஒரு கிணறு அடித்துக் காட்டச் சொல்லும்.

நெடுங்கேணித்தம்பி:
மிக்க நன்றி அக்கா, அண்ணை. முற்பணத்தை நிறுத்திவிட்டோம். கழற்றிய றிக்குக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதிய புது இன்வொய்ஸ் கேட்டிருக்கிறேன், சேற்றுப் பம்பு பற்றியும் எழுதியாயிற்று. வந்ததும் எண்களை இங்கே போடுகிறேன், ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ.