டாக்டர் இன்டெம்னிட்டி பாலிசி: நோட்டீஸ் வந்ததை லேட்டா சொன்னா க்ளைமே கிடையாதா?

க்ளினிக்_டாக்டர்:
என் சீனியர், ஆர்த்தோ டாக்டர். ஒரு வருஷம்கூட விடாம இன்டெம்னிட்டி (சிகிச்சையில தப்புன்னு பேஷன்ட் நஷ்டஈடு கேட்டா கைகொடுக்குற இன்சூரன்ஸ்) பிரீமியம் கட்டுனவர். பேஷன்ட் தரப்புல வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு, இவரே பதில் போட்டுட்டு கம்பெனிக்குச் சொல்லாம விட்டுட்டார், அப்புறம் பிரீமியம் கம்மின்னு வேற கம்பெனிக்கு மாறிட்டார், இப்ப கன்ஸ்யூமர் கோர்ட்ல கேஸ். பழைய கம்பெனி பாலிசி முடிஞ்சுபோச்சுங்குது, புதுசு நோட்டீஸ் வந்ததை மறைச்சிட்டீங்கங்குது. ரெண்டு பேரும் பணத்தை வாங்கிட்டு கைய விரிச்சா எப்படிங்க? பச்சை அநியாயம்.

பாலிசி_பார்வை:
அநியாயம் இல்ல டாக்டர். இது க்ளைம்ஸ் மேட் பாலிசி, அதாவது பாலிசி ஓடுறப்ப வர்ற க்ளைமுக்குத்தான் (பேஷன்ட் நஷ்டஈடு கேக்குறதுக்குத்தான்) கவர். ஆபரேஷன் என்னைக்கு பண்ணீங்கன்னு மட்டும் பாத்தா போதாது, க்ளைம் என்னைக்கு வந்துச்சு, இன்சூரன்ஸ்காரங்க எங்களுக்கு என்னைக்கு சொன்னீங்கன்னும் பாக்கணும். புது கம்பெனி ப்ரப்போசல்ல (பாலிசி கேட்டு குடுக்குற விண்ணப்பத்துல) நிலுவையில நோட்டீஸ் இருக்கான்னு கேட்டிருப்பாங்க, இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா அது யார் தப்பு?

வக்கீல்_நெல்லை:
புது கம்பெனி சொல்றது சரிதான். ஆனா பழைய கம்பெனிய அவ்ளோ லேசுல விட முடியாது. லேட்டுங்கற ஒரே காரணத்துக்காக உண்மையான க்ளைம தள்ளக்கூடாதுன்னு 2011லயே ஐஆர்டிஏ (இன்சூரன்ஸ் கம்பெனிகளை கண்காணிக்கற அரசு ஆணையம்) சர்க்குலர் போட்டாச்சு. 2017ல ஓம் பிரகாஷ் கேஸ்ல, தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தா நிராகரிக்கக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு.

பாலிசி_பார்வை:
அது வண்டி திருட்டு கேஸ் சார். இங்க பாலிசி பீரியடுக்குள்ள சொல்றதே கவரோட எல்லை, அதையும் தளர்த்தினா பிரீமியத்த எப்படி கணக்கு போடுறது?

ஒரு_பேஷன்டோட_மக:
நீங்க எல்லாரும் பாலிசியப் பத்தியே பேசுறீங்க. எழும்பூர் அரசு ஆஸ்பத்திரில 1996ல குறைமாசத்துல பொறந்த குழந்தைக்கு கண்ணு டெஸ்ட் பண்ணாம பார்வை போச்சு, சுப்ரீம் கோர்ட் சுமார் 1.8 கோடி குடுக்கச் சொன்னது 2015ல. அங்க கவர்மென்ட் இருந்துச்சு, காசு வரும். தனியார் டாக்டர்கிட்ட ஜெயிச்சா, ரெண்டு கம்பெனியும் மாத்தி மாத்தி கை காட்டுனா, அந்தக் குடும்பம் யார்கிட்ட போய் நிக்கும்?

க்ளினிக்_டாக்டர்:
இன்னொன்னு பாருங்க, கேஸ் இப்படி இழுத்தா, தீர்ப்பு வர்றப்ப என்ன லிமிட் (கம்பெனி அதிகபட்சமா குடுக்குற தொகை) வச்சிருந்தாலும் புண்ணியமில்ல, க்ளைம் வந்த வருஷத்து லிமிட்தான். நிறைய பாலிசில வக்கீல் ஃபீஸும் அதுக்குள்ளயேதான் போகுது.

பாலிசி_பார்வை:
அது நிஜம், ஒத்துக்கறேன். அதனாலதான் கம்பெனி மாறுறதுக்கு முன்னாடி கைல இருக்குற எல்லா நோட்டீஸையும், புகார் கடிதத்தையும் பழைய இடத்துல எழுத்துல குடுங்கன்னு கத்துறேன்.

வக்கீல்_நெல்லை:
டாக்டர், ஒரு கேள்வி. அந்த நோட்டீஸ் சீனியர் கைக்கு வந்தப்ப பழைய பாலிசி ஓடிட்டு இருந்துச்சா?

க்ளினிக்_டாக்டர்:
ஆமா, முடிய நாலு மாசம் இருந்துச்சு.

வக்கீல்_நெல்லை:
அப்ப க்ளைம் அந்த பீரியடுக்குள்ளயே வந்தாச்சு, லேட்டானது தகவல் மட்டும்தான். "க்ளைம்"னா என்னன்னு பாலிசில என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. நஷ்டஈடு கேட்டு எழுத்துல வந்தா போதும்னு இருந்தா, பழைய கம்பெனிக்கு இன்னைக்கே மெயில் போடுங்க, அந்த கேஸ்லயே எதிர்தரப்பா சேக்கச் சொல்லி மனு போடுங்க.

பாலிசி_பார்வை:
போடுங்க. பீரியடுக்குள்ளயே தகவலும் தரணும்னு ஷரத்து இருந்தா நாங்களும் விடமாட்டோம்.