தார்ப்பாய்க்கு ஐலெட் (கயிறு கோக்கும் உலோக வளையம்) அடிப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஏற்காட்டில் காபிக்கொட்டை காயும் களத்தை மூட ஒரு கனத்த கேன்வாஸ் தார்ப்பாய் இருக்கிறது. துணி இன்னும் கெட்டிதான். ஓரத்து இரும்பு ஐலெட்டுகள்தான் பனியில் துருப்பிடித்து, சுற்றியுள்ள துணியையும் அரித்துவிட்டன. காற்றடித்தால் கயிறோடு வளையமும் பிய்த்துக்கொண்டு வருகிறது.

இந்த முறை பித்தளை, அடியில் வாஷர். துணியில் துளையை வளையத்தின் கழுத்தைவிட (துளைக்குள் நுழையும் குழாய்ப் பகுதி) சற்றுச் சிறிதாகப் போட்டால் பிடிப்பு நிற்கும், அது சரி. ஆனால் ஓரத்தை மடித்து நாலு அடுக்காகத் தைத்தால் சாதாரண வளையத்தின் கழுத்து மறுபக்கம் எட்டவே இல்லை. எட்டினால்தானே விரிந்து மடங்கும்?

கழுத்து நீளமான வளையமும் அதற்கேற்ற பஞ்ச், டை செட்டும் (துளை போட்டுக் கழுத்தை மடக்கும் கருவிகள்) சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கிடைக்குமா? சுத்தியல் போதுமா, கை பிரஸ் வேண்டுமா? லாரி தார்ப்பாய் தைக்கும் அண்ணன்மார் சொல்லுங்கள். பிளாஸ்டிக் கிளிப் மட்டும் வேண்டாம், மலைக்காற்றுக்கு அது தாங்காது.