ஏற்காட்டில் இணைய வகுப்பு: உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காடு பக்கம் ஒரு மலைக் கிராமத்தில், காபித் தோட்ட வேலைக்குப் போகும் அக்காக்களுக்கு ஞாயிறு மாலையில் இணையத்தின் அடிப்படைகளைச் சொல்லிக்கொடுக்கிறேன். வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் நன்றாகவே தெரியும். ஆனால் இணையம் என்பது உலகத்துக் கணினிகளை இணைக்கும் வலைப்பின்னல், 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற கணினி விஞ்ஞானி முன்வைத்த வலை (வெப், அதாவது நாம் பார்க்கும் இணையதளங்கள்) அதன்மேல் ஓடும் ஒரு சேவை, மின்னஞ்சல் இன்னொன்று என்றதும் குழம்பிவிடுகிறார்கள். "கூகுள்தானே தம்பி நெட்டு?" என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. போனைத் திறந்ததும் கண்ணில் படுவது அதுதானே. இதை எளிதாகப் புரியவைக்க உங்களுக்கு வழி தெரிந்தால் எழுதுங்கள்.

அதைவிட அவசரம் பண விஷயம். "உங்களுக்குப் பணம் வந்திருக்கு, பின் நம்பர் போடுங்க" என்று அவர்களுக்கு அழைப்பு வருகிறது. யுபிஐயில் பணம் வாங்கப் பின் நம்பரே தேவையில்லை. ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். இவ்வளவையும் பெரிய எழுத்தில், படத்தோடு தமிழில் யாராவது தயாரித்து வைத்திருந்தால் அனுப்புங்கள், அச்செடுத்துக் கொடுத்துவிடுகிறேன். அங்கே சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், அதனால் இறக்கி வைத்துக் காட்டக்கூடிய சின்ன வீடியோவும் உதவும்.

அப்புறம், சேலத்திலிருந்து ஒரு ஞாயிறு மேலே வந்து பேச முடிந்தவர்கள், முக்கியமாகப் பெண்கள், கமெண்டில் சொல்லுங்கள். ஏற்காடு பஸ் நிலையத்துக்கு வந்து நானே அழைத்துப் போகிறேன்.